கனடாக்காரன் வேலைக்குப் போகவில்லை

— நாலணாதான கேட்டேன்? நாலு பவுனா கேட்டேன்?

— ஹோல்டான், ஹோல்டான். சத்தத்தக் கொறை ஆசியா. வாசல்ல நிக்கிற அம்மாவுக்குக் கேக்கும்.

— கேக்கட்டுமே. கண்டக்டர் முகைதீன் பிச்சை வீட்டுல, நோன்பு மாசத்துல வாசலுக்கு வந்த ஏழைக்கு நாலணாக் குடுக்க வக்கில்லைன்னு செக்காலை பூராவும் கேக்கட்டும். நாலு கிலோ காசுங்க! ஊரு உலகத்துல காசை எண்ணுவாக. எம் புருசன் ஒருத்தருதான் நிறுக்குறாரு.

— அந்தக் கிலோவ மட்டும் மெதுவாச் சொல்லக் கூடாதா? அலுமினியக் காசு இருந்தா எடுத்துக் குடு, நான் வேணாங்கல. பித்தளைப் பத்துப் பைசா இருந்தாலும் குடு. வெள்ளக் காசக் கேக்காத. நாலணா, எட்டணா, ரூவாக் காசு, இந்த மூணும் ஒரு தடவ எங்கைக்கு வந்துட்டா வந்ததுதான்.

— அலுமினியம் நேத்தே தீந்துச்சு. பித்தளை முந்தாநாளே தீந்துச்சு. மிச்சம் இருக்கிறது உங்க சட்டைப்பைதான். நேத்து வசூல்ல பொறுக்குனது கலகலன்னு கிடக்குல்ல, அதுல ஒண்ணு எடுங்க.

— அது ஆறு நாலணா. டின்னுக்குப் போற காசு. அது போய்ச் சேந்தாத்தான் நாலு கிலோ சரியா வரும். அந்த அம்மாவ நாளைக்கு வரச் சொல்லு. நாளைக்கு எனக்கு டூட்டி, பையில பாத்து வேற சில்லறை எடுத்தாறேன்.

— "எறங்குறப்ப வாங்கிக்க"ன்னு சொல்றதுக்கு இது என்ன உங்க திருப்பத்தூர் பஸ்ஸா? ஏம்மா, இந்தாம்மா. காசில்லம்மா. முந்தானைய விரி, அரிசி போடுறேன். துவாச் செய்யி. எனக்கு வேணாம்மா, இவுக புத்திக்குச் செய்யி.

— ஆசியா, என்ன அது, அரைப் படியா? முக்கா ரூவா அரிசி! நாலணாக் கேட்டவளுக்கு முக்கா ரூவாயக் குடுத்து அனுப்புற. எட்டணா நட்டம்.

— நாலணாவ எடுத்துக் குடுத்திருந்தா எட்டணா மிச்சம். யாரால நட்டம்?

— நாலணாங்கிறது இன்னைக்குத்தான் நாலணா. கிலோ நூத்தம்பதுக்குப் போறப்ப அதே காசு ஆறணா.

— போறப்பத்தான? இன்னும் போகலைல்ல?

— போகும். கனடாக்காரன் வேலைக்குப் போகாம இருக்கிற வரைக்கும் வெல போகும்.

— யா அல்லா! அந்தக் கனடா எங்குட்டு இருக்குன்னாவது உங்களுக்குத் தெரியுமா?

— வடக்குட்டு.

— வடக்குட்டுன்னா? புதுக்கோட்டைக்கு அங்குட்டா?

— சிரி, நல்லாச் சிரி. எனக்குச் சொன்னது யாரு? உன்கூடப் பொறந்த அண்ணன். பினாங்குல பழைய உலோகக் கிடங்குல கணக்கு எழுதுற சேக் தாவூது. அவரு எழுதுன கடுதாசி பொட்டியில இருக்கு, எடுத்து வாசிக்கவா? "கனடாவுல நிக்கல் சுரங்கத்து ஆளுக மொத்தமா வேலைநிறுத்தம். உலகத்துல நிக்கலுக்குப் பஞ்சம். மச்சான், உங்க ஊரு வெள்ளக் காசு பூராவும் சுத்த நிக்கல். நூறு ரூவாய்க்குக் காசு சேத்தா ஒரு கிலோ எடை. அந்த ஒரு கிலோ இங்க நூத்துக்கு மேல போகுது." எழுதுனாரா இல்லையா?

— வெவரம் எழுதுனாரு. "தங்கச்சி கழுத்துல கிடக்கிற கருகமணிச் சங்கிலியக் கொண்டுபோயி அடகு வையி"ன்னு எழுதுனாரா?

— முதலாளி பையில இருந்து காசை எடுத்தா, அந்த எடத்துல நோட்டு வைக்கணுமா இல்லையா? நோட்டுக்கு நான் எங்க போவேன்? மாசச் சம்பளம் நூத்தி இருவது. கையில இருந்த நூறு, அடகுல வந்த முந்நூறு, ஆக நானூறு. நோட்டை உள்ள வச்சேன், காசை வெளிய எடுத்தேன். ஒத்தப் பைசா கணக்குல தப்பல. எண்ணுற வேலை மிச்சம்னு முதலாளிக்கே சந்தோசம்.

— முதலாளி சந்தோசமா இருப்பாரு. பஸ்ஸுல ஏறுறவுக? குன்றக்குடி கிருத்திகைக் கூட்டத்துல மீதி குடுக்கலன்னு ஒரு ஆளு உங்க சட்டைப்பையவே பிச்சு எடுத்துட்டுப் போனானே, அத தச்சது யாரு? நானு.

— கூட்டம்னா நாலு பேரு கை படத்தான் செய்யும்.

— எங்கம்மா? பெத்த மகளப் பாக்கத் திருப்பத்தூருலருந்து உங்க பஸ்ஸுல ஏறுனாக. மருமகன் பஸ்ஸுன்னு பவுசா முன் சீட்டுல உக்காந்தாக. சொந்த மாமியாருக்கு டிக்கெட்டப் போட்டு, பின்னால "நாலணா பாக்கி"ன்னு எழுதிக் குடுத்தீகளே! அந்த டிக்கெட்டக் கொண்டாந்து என் கையில குடுத்து, "இந்தாத்தா, இத உம் புருசன்கிட்டக் காட்டி வாங்கித் தா, எனக்குக் கேக்கக் கூச்சமா இருக்கு"ன்னு சொன்னாக. நான் சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.

— டூட்டியில எனக்கு மாமியாரும் பாசஞ்சருதான். அதுக்கு நீ என்னைப் பாராட்டணும்.

— பாராட்டுறேன். அந்த நாலணா இன்னைக்கு வரைக்கும் குடுத்தீகளா?

— பெருநாளைக்குச் சேத்துக் குடுத்துரலாம்.

— ரேடியோ? அண்ணன் எனக்குன்னு அனுப்புன டிரான்சிஸ்டர். அதப் பிரிச்சு, உள்ள இருந்த காந்தத்த எடுத்துக்கிட்டுப் போனீகளே!

— காந்தம் இல்லாம எப்படி? ஒரு டிரிப்புக்கு நானூறு காசு பையில விழும். ஒவ்வொண்ணாப் பொறுக்க முடியுமா? காந்தத்தப் பைக்குள்ள விட்டா, நிக்கல் மட்டும் தாவி வந்து ஒட்டும். அஞ்சு பைசா, பத்துப் பைசா எல்லாம் கீழ நின்னுக்கும். நானே கண்டுபிடிச்சது. டிரைவரே அசந்து போனாரு.

— டிரைவரு அசந்து போயிட்டாரு. நான் காது செவிடாகிப் போயிட்டேன். ரேடியோ எண்பது ரூவா. கணக்குல சேத்தீகளா?

— அதெல்லாம் தனி.

— தனி இல்ல. வாங்க, இன்னைக்கு நானே போடுறேன் கணக்கு. பழைய இரும்புக்கடைச் சின்னக்கண்ணு கடைசியா என்ன வெல சொன்னாரு?

— நூத்தி இருவத்தாறு.

— நாலு கிலோவுக்கு ஐநூத்தி நாலு. போட்ட மொதலு நானூறு. மிச்சம் நூத்தி நாலு. அடகுக்கடை வட்டி மாசம் ஆறு ரூவா, ஜூலையிலருந்து அஞ்சு மாசம், முப்பது. வட்டி குடுக்கிறதே பாவம், அத அல்லா தனியாக் கேப்பான். ரேடியோ எண்பது. ஆச்சா? நூத்திப் பத்து. அஞ்சு மாசம் ஊரு வசவ எல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டு, ஆறு ரூவா கைய விட்டுப் போயிருக்கு. பிஞ்ச சட்டைய நான் கணக்குல சேக்கல.

— அதுக்குத்தான் நூத்தம்பது வரட்டுங்கிறேன்! நூத்தம்பது வந்தா அறுநூறு. நீ பாதி வழியில எறங்கச் சொல்ற.

— நூறு இருக்கறப்ப நூத்திப் பத்து வரட்டும்னீக. வந்துச்சு. நூத்தி இருவது வரட்டும்னீக. அதுவும் வந்துச்சு. உங்க பஸ்ஸுக்காவது திருப்பத்தூர்னு ஒரு கடைசி ஸ்டாப்பு இருக்கு. இதுக்கு எங்குட்டுங்க கடைசி?

— இன்னும் ரெண்டு வாரம். கனடாக்காரன் மட்டும் இந்த மாசம் பூராவும் வேலைக்குப் போகாம இருந்துட்டா...

— அவனும் பாவம் பிள்ளைகுட்டிக்காரனா இருப்பான். அஞ்சு மாசமா அடுப்புல என்னத்த வச்சானோ. நான் அவனுக்காகவும்தான் துவாச் செய்யிறேன், வேலைக்குப் போகட்டும்னு.

— அடிப்பாவி! நான் இங்குட்டு ஒரு துவாச் செய்ய, நீ அங்குட்டு எதுத்துச் செய்யிறியா? அதான் வெல நூத்தி இருவத்தாறுலயே நிக்குது!

— ஏங்க, வெளையாட்டு போதும். இங்க பாருங்க. என் கழுத்தப் பாருங்க.

— பாக்குறேன்.

— என்ன தெரியுது?

— கருகமணி.

— நூலுல கோத்த கருகமணி. தங்கச் சங்கிலியில கிடந்தத நூலுல கோத்துக் கட்டிக்கிட்டு, யாரு வந்தாலும் முக்காட்ட இழுத்து மூடிக்கிட்டுத் திரியிறேன். பெருநாளைக்கு ஒம்போது நாள் இருக்கு. அதுக்கு மறுவாரம் ரஹீமாவுக்கு நிக்காஹ். என் ஒத்தத் தங்கச்சி. மூத்தவ நான்தான் முன்னால நின்னு நடத்தணும். திருப்பத்தூர் சனத்துக்குப் பொம்பளைய முதல்ல கழுத்துலதான் தெரியும், அப்புறந்தான் மொகத்துல. "என்னத்தா, நூலக் கட்டிக்கிட்டு வந்திருக்க, சங்கிலி எங்க?"ன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? கனடாவுல வேலைநிறுத்தம்னா?

— மீட்டுருவேன் ஆசியா. நிக்காஹுக்கு முந்தி மீட்டுருவேன்.

— எதுல? சங்கிலி வேணும்னா முந்நூறும் வட்டியும் வேணும். காசை வித்தாத்தான வரும்? சின்னக்கண்ணு நூத்தி இருவத்தாறு சொல்லி எத்தன நாளாச்சு?

— பத்து நாளு.

— பத்து நாளா ஏன் குடுக்கல? நான் சொல்லட்டுமா? சோம்பேறித்தனம். நூத்தம்பதாவது, கனடாவாவது. அந்தாளு என்ன கேட்டாரு? "சிங்கம் தெரியிற காசாக் கொண்டாந்தா வேணாம், மதுரைக்கு ஏத்தி விடுறப்ப போலீசு பாத்தா வம்பு. சுத்தியல்ல அடிச்சுத் தட்டையாக்கி, சிங்கமும் எழுத்தும் தெரியாமக் கொண்டாங்க, வெறும் தகடுன்னு எடுத்துக்கிறேன்"னாரு. ரெண்டு மாசமாச் சொல்றாரு. ரெண்டு மாசமா "நாளைக்கு அடிக்கிறேன், நாளைக்கு அடிக்கிறேன்"கிறீக.

— ஆயிரத்து நூறு சொச்சம் உருப்படி. நோன்பு வச்சுக்கிட்டு எவன் அடிப்பான்?

— நோன்பு வந்து மூணு வாரம்தான ஆச்சு? அதுக்கு முந்தி?

— அதுக்கு முந்தி முதுகு வலி.

— நல்லா இருக்கு போங்க. சுத்தியல வாங்கி மூலையில சாத்துனீக, அதுல கரையான் ஏறாததுதான் பாக்கி. சரி, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. காசு பூராவும் அடிச்ச தகடா இருந்திருந்தா, இன்னைக்கே கொண்டுபோயிக் குடுத்துருவீகளா?

— இருந்திருந்தா குடுத்துருவேன்தான்.

— நூத்தம்பதுன்னு பேச்செடுக்க மாட்டீகளே?

— எடுக்க மாட்டேன். அடிக்கிற வேலையில்லன்னா எனக்கென்ன? நூத்தி இருவத்தாறுக்கே தூக்கிக் குடுத்துருவேன்.

— நோன்பு வாயோட சொல்றீக.

— நோன்பு வாயோடதான் சொல்றேன். உனக்குச் சங்கிலி, எனக்கு நிம்மதி. ரைட்டா?

— சரி. எனக்கு அது போதும்.

— என்ன, திடீர்னு மூஞ்சி மலருது?

— ஒண்ணுமில்ல. ஒண்ணு சொல்லுவேன், அசந்து போகணும். உங்க டிரைவரு மாதிரி.

— சார், தபால்! பினாங்குக் கடுதாசி!

— ஹோல்டான்! சொல்ல வந்தத அப்புறம் சொல்லு. உங்கண்ணன் கடுதாசி! நூத்தம்பது வந்திருக்கும், பாரு. வாங்க பிலவேந்திரன், குடுங்க, குடுங்க.

— குடுக்குறேன் கண்டக்டரண்ணே. ஸ்டாம்பு பத்தலன்னு ஆபீசுல தண்டம் போட்டுட்டாக. எட்டணாக் கட்டணும்.

— எட்டணாவா?

— சில்லறையாக் குடுத்துருங்க. ஊருக்குள்ள எவன்கிட்டயும் ஒரு எட்டணா இல்ல, நாலணா இல்ல. எங்குட்டுத்தான் போகுதுன்னு போஸ்ட்மாஸ்டருக்கே புரியல.

— ஆமா. காலம் அப்படி ஆகிப்போச்சு.

— ஏங்க, சட்டைப்பையில ஆறு நாலணா கிடக்குல்ல?

— நீ சும்மா கெட ஆசியா. பிலவேந்திரன், இந்தாங்க, ஒத்த ரூவா நோட்டு. எட்டணா மீதி குடுங்க.

— மீதிக்கு நான் எங்குட்டுப் போறது? ஒண்ணு செய்வோம். உறைக்குப் பின்னால "எட்டணா பாக்கி"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். அடுத்த கடுதாசி வாரப்ப கேட்டு வாங்கிக்கங்க.

— அது எப்படிங்க? சர்க்கார் உத்தியோகத்துல இருந்துக்கிட்டு...

— ஏண்ணே, நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போற வார பஸ்ஸுல நீங்க எழுதிக் குடுத்த டிக்கெட்டு மூணு என் பையில கிடக்கு. முப்பது பைசா, நாலணா, நாலணா. அதக் கழிச்சுக்கிருவமா? முப்பது பைசா நீங்கதான் இன்னும் எனக்குத் தரணும்.

— ரைட், ரைட். போயிட்டு வாங்க பிலவேந்திரன். வெயிலு சாயுது, உங்களுக்கு வேலை இருக்கும்.

— வாரேன் அக்கா. கண்டக்டரண்ணே, கடுதாசியில நல்ல சேதி இருக்கட்டும்.

— சிரிக்காத ஆசியா.

— சிரிக்கல. அஞ்சு மாசத்துல இன்னைக்குத்தான் வயிறு குளுந்துச்சு. வாசிங்க. அண்ணன் நல்லா இருக்காரான்னு பாப்போம்.

— "அன்புள்ள மச்சான் அவர்களுக்கு சேக் தாவூது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் அனைவரும் நலம்..." நலம், நலம், நலம். வெல எங்க?

— தாவாதீக. எங்கண்ணன் எழுதுனத வரிசையா வாசிங்க.

— "ரஹீமாவின் நிக்காஹுக்கு வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. வாப்பா ஸ்தானத்தில் நின்று நீங்களும் தங்கச்சியும் நடத்திக் கொடுக்கவேண்டும். இரண்டு சேலையும் ஒரு புட்டி அத்தரும் கப்பல்காரர் ஒருவர் வசம் கொடுத்திருக்கிறேன். தங்கச்சியின் டிரான்சிஸ்டர் நன்றாகப் பாடுகிறதா?" ம்... "நிற்க."

— பாடுறத எழுதிருங்க அவருக்கு. ஏன் நிப்பாட்டிட்டீக?

— "நிற்க"ன்னு அவருதான் எழுதியிருக்காரு. இரு. "நிற்க. கனடாவில் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது."

— என்னது?

— "போன மாதமே ஆட்கள் சுரங்கத்தில் இறங்கிவிட்டார்கள். உங்களுக்கு ரேடியோவிலேயே செய்தி தெரிந்திருக்கும்..."

— ரேடியோவுலயா? காந்தத்துக்கிட்டக் கேளுங்க, அது சொல்லும்.

— "இங்கே வாங்குவோர் எல்லாரும் கையை மடக்கிக்கொண்டார்கள். விலை ஒவ்வொரு நாளும் சரிகிறது. எங்கள் முதலாளியே அதிக விலைக்கு வாங்கிய சரக்கை வைத்துக்கொண்டு, கிடங்கு வாசலில் உட்கார்ந்து தாடியைச் சொறிந்துகொண்டிருக்கிறார்."

— ஏங்க, அப்ப சின்னக்கண்ணு? அவருக்கு இந்தச் சேதி வாரதுக்குள்ள இப்பவே போயிட்டா?

— ம்.

— என்ன ம்? எந்திரிங்க. மஹரிபுத் தொழுகைக்கு இன்னும் அரை மணி இருக்கு. கூப்பிடு தூரந்தான்.

— ஆசியா, ஒண்ணு சொன்னாக் கோவிக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— காலையில பள்ளிவாசல்லருந்து வாரப்ப அந்தாளப் பாத்தேன். "மதுரைக்காரன் எடுக்கிறத நிப்பாட்டிட்டான் பாய், கிலோ நாப்பதுன்னாலும் இப்ப எனக்கு வேணாம்"னாரு. நம்ம வெலயக் கொறைக்க நடிக்கிறாருன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

— காலையிலயே தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சுக்கிட்டா இம்புட்டு நேரம் நூத்தம்பது, நூத்தம்பதுன்னு கூவுனீக? நோன்பு வாயோட சத்தியம் வேற!

— நடிக்கிறாருன்னுதான நெனச்சேன்! நெனப்புக்கு என்ன பாவம்?

— என் நசீபு, என் தலையெழுத்து. கிலோ நாப்பது! நாலு நாப்பது நூத்தி அறுவது. முந்நூறு ரூவாச் சங்கிலிக்கு நூத்தி அறுவது ரூவா!

— ஹோல்டான், ஹோல்டான். அழாத. ஏன் அழுகுற? கடுதாசிய முழுசாக் கேளு. உங்கண்ணன் வெவரமான மனுசன். "ஆனால் மச்சான் ஒன்றும் கலங்க வேண்டாம். உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் வராது. இங்கே எங்கள் கையில் இருப்பது வெறும் உலோகம். உங்கள் கையில் இருப்பது சர்க்கார் காசு. காசு காசாகவே இருக்கும்வரை, பேங்கில் கொண்டுபோய்க் கொட்டினால் ரூபாய்க்கு ரூபாய் நோட்டாக எண்ணித் தருவான்."

— காசு காசாவே இருக்கிற வரைக்கும்.

— ஆமா! பாத்தியா? நாலு கிலோன்னா நானூறு ரூவா. நாளைக்கு டூட்டிய மாத்திவிட்டுட்டு, காலையில பேங்க்குத் தொறந்ததும் மொத ஆளா நிக்கிறேன். நானூறு ரூவா நோட்டு. அப்படியே நடந்து அடகுக்கடை. முந்நூத்தி முப்பதக் கட்டுறேன். மத்தியானம் பாங்குச் சொல்றப்ப உன் கழுத்துல சங்கிலி. மிச்சம் எழுவது ரூவா. அதுல ரஹீமாவுக்கு ஒரு நல்ல சீரு. ஏன், மாமிக்கு நாலணா பாக்கி, அதையும் குடுத்துருவோம். நீ சொன்னதுதான் சரி, ஒத்துக்கிறேன். இந்த நிக்கல் பைத்தியம் இன்னையோட முடிஞ்சது. ரைட்டா?

— ம்.

— என்னம்மா இது, அஞ்சு மாசமா இந்த வார்த்தைக்குத்தான என்னைப் பிடுங்கி எடுத்த? ஒத்துக்கிட்டா "ம்"ங்கிற. நான் ஒரு ரகசியம் சொல்லவா? நான் சோம்பேறித்தனத்துலயோ முதுகு வலியாலயோ அடிக்காம விடல.

— பின்ன?

— ரெண்டு மாசம் முந்தி ஒரே ஒரு நாலணாவ அடிச்சுப் பாத்தேன். மூணு அடிதான். சிங்கம் நசுங்கி, எழுத்து அழிஞ்சு, நசுங்குன சோடா மூடி மாதிரி ஆகிப்போச்சு. கையில எடுத்தா எனக்கு என்னமோ போல ஆயிருச்சு. பஸ்ஸுல ஒரு ஆளுக்கு மீதியோட சேத்துக் குடுத்தேன், "இது என்ன, பொத்தானா?"ன்னு தூக்கி எறிஞ்சான். பொட்டிக்கடையில குடுத்தேன், வாங்கல. கடைசியில பேங்க்குலயே கொண்டுபோயிக் கேட்டேன். காசாளர் பெரட்டிப் பெரட்டிப் பாத்துட்டு, "வேணும்னே அடிச்சதா? இத நாங்க தொட மாட்டோம், சீக்கிரம் எடுத்துக்கிட்டுப் போயிருங்க, மேனேசர் பாத்தாப் போலீசக் கூப்பிடுவாரு"ன்னாரு. நாலணாதான். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. அதுலருந்து சுத்தியலத் தொட மனசு வரல.

— இத ஏன் என்கிட்டச் சொல்லல?

— நாலணாவத் தொலைச்சேன்னு சொன்னா நீ சும்மா விடுவியா? அதான் நாளைக்கு, நாளைக்குன்னு ஓட்டுனேன். பாரு, நீ சோம்பேறி, சோம்பேறின்னு திட்டுன அதே சோம்பேறித்தனந்தான் இன்னைக்கு உன் சங்கிலியக் காப்பாத்திக் குடுத்திருக்கு. நான் மட்டும் சுறுசுறுப்பா உக்காந்து அடிச்சிருந்தேன்னு வையி, நம்ம கதி என்ன ஆயிருக்கும்?

— ஏங்க.

— சொல்லு.

— பேங்க்குல எண்ணி வாங்குவாகளா, நிறுத்து வாங்குவாகளா?

— என்ன கேள்வி இது? எண்ணித்தான் வாங்குவாக. நம்மள மாதிரிக் கிறுக்கனுகளா அவுக?

— ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பாகளோ?

— பாக்காம? சரி, நீ டின்ன எடு. பாங்குச் சொல்றதுக்குள்ள ரூவா தனியா, எட்டணா தனியா, நாலணா தனியாப் பிரிச்சு வச்சிருவோம். என்ன, கல்லு மாதிரி நிக்கிற? எடு புள்ள.

— மொதல்ல நோன்பத் தொறங்க. கஞ்சியக் குடிங்க, தண்ணியக் குடிங்க. வெறும் வயித்தோட அதத் தொறக்காதீக.

— ஏன், உள்ள பாம்பா இருக்கு? என்னமோ சொல்லி என்னை அசர வைக்கப் போறேன்னியே, அதச் சொல்லு அப்ப.

— நீக டூட்டிக்குப் போன மூணு பகலும், நோன்போட, அம்மிக்கல்லு மேல வச்சு நானே உக்காந்து அடிச்சு முடிச்சிட்டேங்க... ஆயிரத்து நூறு சொச்சம், ஒரு சிங்கத்த விடல.